பியானோவை விட்டு எழுந்த நாட் கிங் கோல்

அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் பாடும் பழைய படக்காட்சிகளைப் பார்த்தால், அவர் பியானோ முன் உட்காரும் விதம் கண்ணில் படும். உடம்பை ஒருக்களித்துத் திருப்பி, முகத்தை அவையின் பக்கம் வைத்துக்கொண்டு, பாதிச் சிரிப்போடு பாடிக்கொண்டிருப்பார். கைகள் மட்டும் பக்கவாட்டில் நீண்டு கட்டைகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு தன் நடையில் போகும். விரல்கள் அதன் இடைவெளிகளில் புகுந்து வேறு ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பும். அவர் கைகளைக் குனிந்து பார்ப்பதே அபூர்வம். அவ்வளவு கடினமான வேலையை அவ்வளவு சாதாரணமாகச் செய்ததால்தானோ என்னவோ, பார்ப்பவர்களின் கண்ணும் அந்த முகத்தை விட்டு இறங்கவில்லை.

இன்று அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது குரல்தான். 'அன்ஃபர்கெட்டபிள்', 'மோனா லிசா', டிசம்பர் மாதம் வந்தால் உலகமெங்கும் ஒலிக்கும் 'தி கிறிஸ்மஸ் சாங்'. 1940களில் ஜாஸ் பியானோவின் போக்கைத் திருப்பிவிட்ட சிலருள் அவர் ஒருவர் என்பதை அவருடைய ரசிகர்களிலேயே பலர் அறியமாட்டார்கள். நானும் வெகுநாள் அறியாமல்தான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த மறதி இயல்பாக வந்து சேர்ந்தது போலத் தோன்றும். கோலின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால், எந்த ஆண்டுகளில், என்ன காரணங்களால் அவருடைய கைகள் பார்வையிலிருந்து விலகின என்று ஏறக்குறையத் தேதி போட்டே சொல்லலாம். டிரம்ஸ் வாசித்த பாடகி கேரன் கார்பென்டருக்கும் கிட்டார் வாசித்த பாடகர் கிளென் கேம்பலுக்கும் நடந்தது இதே போன்ற ஒன்றுதான். 'அருமையாகப் பாடுவார், கொஞ்சம் வாசிக்கவும் செய்வார்' என்று இவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகும்போது, வாசிப்பை மட்டுமா இழக்கிறோம்? அவர்கள் பாட்டையும் பாதிதான் கேட்கிறோம் என்பது என் துணிபு. அந்தக் குரல்களுக்கு நடை சொல்லிக்கொடுத்தவை அந்தக் கைகள்.

கோல் 1919 மார்ச் 17 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை பாப்டிஸ்ட் சபையின் போதகர். தாய் பெர்லினா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. அப்போது சிகாகோவில் கிராண்ட் டெரஸ் என்ற கேளிக்கை அரங்கில் ஏர்ல் ஹைன்ஸ் என்ற பியானோ மேதை தன் குழுவோடு வாசித்துவந்தார். சிறுவன் கோலுக்கு அவர்தான் ஆதர்சம்.

ஹைன்ஸைப் பற்றிச் சொல்லும்போது இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' என்ற இசைத்தட்டு பதிவானது. அதில் பியானோ ஹைன்ஸ். டிரம்பெட் லூயி ஆம்ஸ்ட்ராங். எந்தத் துணையும் இல்லாமல் டிரம்பெட் தனித்து எழுந்து, சுழன்று, இறங்கும் அதன் தொடக்கம் சில விநாடிகள்தான். ஜாஸில் தனி வாசிப்பு என்றால் என்ன என்பதற்கு அடுத்து வந்த தலைமுறை அதைத்தான் பாடமாக வைத்துக்கொண்டது. ஒரே சமயத்தில் பல கட்டைகளை அழுத்திப் பழகிய பியானோவில், டிரம்பெட்காரர் மூச்சுப் பிடித்து ஊதுவது போல ஒற்றை வரியாக வலது கையைப் பேசவைத்தார் ஹைன்ஸ். அந்த வலது கையைக் கேட்டு வளர்ந்தவர் கோல். ஆம்ஸ்ட்ராங் கதைக்கோ சோகமான ஒரு பிற்சேர்க்கை உண்டு. உலகில் மிகப் பலர் அவரை அறிந்திருப்பது 1967-இல் பதிவான 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டின் மூலம். அந்தப் பாட்டில் டிரம்பெட் ஒரு சுரம்கூட இல்லை.

1937-இல் கோல் ஓர் இசைநாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் குழு நொடித்துப்போய்க் கலைந்தது. அங்கேயே தங்கி, லாஸ் ஏஞ்சலஸ் விடுதிகளில் கிடைத்த பியானோவை எல்லாம் வாசித்துப் பிழைத்தார். அந்த ஆண்டே கிட்டாருக்கு ஆஸ்கார் மூரையும், கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியமான பாஸுக்கு வெஸ்லி பிரின்ஸையும் சேர்த்துக்கொண்டு மூவர் குழு ஒன்றை அமைத்தார். பெரிய பெரிய நடனக் குழுக்கள் கோலோச்சிய காலம் அது. பதினைந்து பேர் சேர்ந்து ஊதி அடித்த மேடைகளுக்கு நடுவே மூன்றே பேர், அதுவும் டிரம்ஸ் இல்லாமல்.

டிரம்ஸ் இல்லை என்பது சின்னச் செய்தி அல்ல. தாளத்தைப் பிடித்து நிறுத்த வெளியே ஆள் இல்லை என்றால், மூவரின் உள்ளேயும் காலப்பிரமாணம் அசையாமல் நிற்க வேண்டும். மிருதங்கம் இல்லாத கச்சேரியில் வீணைக்காரர் ஒருவர் பல்லவி வாசிப்பதை நினைத்துப் பாருங்கள். கோலின் இடது கை இங்கே மிகக் குறைவாகப் பேசும். முந்தைய தலைமுறைப் பியானோக்காரர்களைப் போல ஓயாமல் தாளம் அடித்துக்கொண்டிருக்காது. தேவையான இடத்தில் ஒரு தொடுப்பு, பிறகு மௌனம். வலது கையும் மூரின் கிட்டாரும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடும். சில இடங்களில் இரண்டையும் பிரித்துக் கேட்கவே முடியாது.

இந்த அமைப்பைப் பலர் எடுத்தாண்டார்கள். கோலைவிட மூத்தவரும், விரல் வேகத்தில் யாரும் நெருங்க முடியாதவர் என்று பெயர் பெற்றவருமான ஆர்ட் டேட்டம் 1943-இல் இதே பியானோ, கிட்டார், பாஸ் மூவர் குழுவோடு மேடையேறினார். பின்னாளில் ஆஸ்கார் பீட்டர்சனின் புகழ்பெற்ற மூவர் குழுவும் அஹ்மத் ஜமாலின் ஆரம்பக் குழுவும் இதே அச்சில் வார்க்கப்பட்டவை. பீட்டர்சனுக்குக் கோலின் மேல் இருந்த மதிப்பு சாதாரணமானதல்ல. 1965-இல் கோல் மறைந்ததும் அவர் ஓர் அஞ்சலித் தொகுப்பை வெளியிட்டார். அதில் வாசித்ததோடு நிற்காமல் பாடவும் செய்தார்.

கோலின் கைகளை மட்டும் கேட்க வேண்டும் என்றால் நான் மூன்று பதிவுகளைக் காட்டுவேன். முதலாவது 1944 ஜூலை 2 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மானிக் அரங்கில் நார்மன் கிரான்ஸ் நடத்திய கச்சேரி. கிட்டார்க்காரர் லெஸ் பாலும் கோலும் அதில் நேருக்கு நேர் மோதுகிறார்கள். ஒருவர் ஒரு சொற்கட்டை வீச, மற்றவர் அதை அப்படியே பிடித்துத் திருப்பி எறிகிறார். நம் ஊரில் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கேள்வி பதிலாக வாசிக்கும்போது அவையில் எழும் அதே ஆரவாரம் அங்கும் கேட்கிறது. அந்த இசைத்தட்டு வெளிவந்தபோது உறையில் கோலின் பெயர் இல்லை. கேப்பிட்டல் என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் 'ஷார்ட்டி நாடீன்' என்ற புனைபெயரில் வந்தார். நாடீன் அவருடைய அன்றைய மனைவியின் பெயர்.

இரண்டாவது, 1946-இல் சாக்ஸஃபோன் மேதை லெஸ்டர் யங்குடனும் டிரம்ஸ்காரர் பட்டி ரிச்சுடனும் செய்த பதிவு. கோலின் சொந்தக் குழுவில் டிரம்ஸ் இல்லை. இதில் பாஸ் இல்லை. அடித்தளத்தைத் தாங்க வேண்டிய வாத்தியம் இல்லாத குறையைக் கேட்பவர் உணரவே முடியாதபடி கோலின் இடது கை நிரப்பிவிடுகிறது. வேகமான பாடல்களில் அந்தக் கை நடக்கும் உறுதியையும், மெதுவான 'தி மேன் ஐ லவ்' பாடலில் லெஸ்டர் யங்கின் மூச்சுக்கு அது ஒதுங்கி வழிவிடும் பணிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இதிலும் புனைபெயர்தான். இம்முறை 'ஐ கை'. ஒப்பந்தக் காகிதங்கள் ஒரு கலைஞனின் பாதியை எப்படி மறைக்கும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது.

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது. 1946 டிசம்பரில் ஓர் இசை இதழ் அந்த ஆண்டின் தலைசிறந்த ஜாஸ் கலைஞர்களை ஒன்றுகூட்டிப் பதிவு செய்தது. எடுத்துக்கொண்ட பாட்டு 'ஸ்வீட் லோரெய்ன்'. கோல் 1940-இலேயே பாடிப் பெயர் வாங்கிய பாட்டு அது. ஆனால் அன்று பாடியவர் ஃபிராங்க் சினாட்ரா. கோல் அங்கே வந்திருந்தது பியானோக்காரராக. தன் பாட்டை இன்னொரு பெரும் பாடகர் பாட, பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறார். அந்த ஆண்டில் அவர் எவராக அறியப்பட்டிருந்தார் என்பது அதிலேயே இருக்கிறது.

அப்படியானால் பியானோவை விட்டு அவரை எழுப்பியது எது? காற்று பாடகர்களின் பக்கம் திரும்பிய காலம் அது. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க வாத்தியக் கலைஞர்களின் சங்கம் இசைத்தட்டுப் பதிவுகளைப் புறக்கணித்தது. வாத்தியக்காரர்கள் ஸ்டூடியோவுக்குள் போகாத அந்த மாதங்களில், சங்கத்தில் சேராத பாடகர்களோ பின்னணிக்கு வாத்தியக் குழுவுக்குப் பதில் குரல் குழுக்களை வைத்துக்கொண்டு பதிவு செய்தார்கள். போராட்டம் முடிந்து குழுக்கள் திரும்பியபோது, அட்டையில் முதலில் வரும் பெயர் குழுத்தலைவருடையதாக இல்லாமல் பாடகருடையதாக மாறத் தொடங்கியிருந்தது. 1942-இல் தொடங்கிய புது நிறுவனமான கேப்பிட்டல், அடுத்த ஆண்டு சங்கத்தோடு உடன்பாடு கண்டதும் கோலின் மூவர் குழுவைப் பதிவு செய்தது. அவருடைய தந்தை பிரசங்கத்தில் சொன்ன குரங்கும் கழுகும் கதையை வைத்து எழுதிய 'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃபிளை ரைட்' பெரிய வெற்றி பெற்றது. அது பாட்டு. வாத்திய இசை அல்ல. நிறுவனம் கணக்கைச் சரியாகப் போட்டது.

1946-இல் 'தி கிறிஸ்மஸ் சாங்' பதிவில் வயலின்கள் சேர்ந்தன. 1948-இல் முழு ஆர்கெஸ்ட்ராவோடு வந்த 'நேச்சர் பாய்' எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. 1950-இல் 'மோனா லிசா'. அடுத்த ஆண்டோடு அந்த மூவர் குழுவின் பெயரே அட்டைகளிலிருந்து மறைந்தது. மேடையில் கோல் மைக்கின் முன் நின்றார். பியானோ வேறொருவர் கையில் இருந்தது. பழைய ஜாஸ் ரசிகர்கள் இதைத் துரோகம் என்று குறைகூறினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கறுப்பினக் கலைஞர்கள் தாங்கள் பாடும் ஓட்டலிலேயே அறை எடுக்க முடியாத நாட்டில், ஒரு கறுப்பினப் பாடகர் வெள்ளையர் வீடுகளின் வரவேற்பறைக்குள் காதல் பாட்டோடு நுழைந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை இது. அப்படியும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 1956 நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சிக்கு நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூடக் கிடைக்காமல், 1957 டிசம்பரில் அது நின்றது.

நின்று பாடிய அந்த ஆண்டுகளிலும் கைகள் உள்ளே வேலை செய்துகொண்டே இருந்தன. கோல் ஒரு வரியை முடித்ததும் உடனே அடுத்ததற்குத் தாவமாட்டார். நடுவே ஒரு சிறு இடம் விடுவார். தனக்குத் தானே பியானோ வாசித்துப் பாடியவர், பதில் சொல்லும் வலது கைக்காக விட்டுப் பழகிய இடம் அது. பியானோ போன பின்பு அந்த இடத்தில் வயலின்கள் வந்து உட்கார்ந்தன. இடம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் சுரங்களை இழுத்துக் குழைப்பதும் குறைவு. கட்டையை அழுத்தியவுடன் ஒலி எழுவது போல, சொல் தெளிவாகத் தொடங்கும். பிறகு தானாகத் தேய்ந்து அடங்கும். சங்கதிகளால் அலங்கரிக்காத அந்தக் குரலின் அமைதிக்கு ஒரு வாத்தியக்காரரின் கட்டுப்பாடு இருக்கிறது. 1956-இல் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த 'ஆஃப்டர் மிட்நைட்' தொகுப்பில் அவர் மறுபடியும் பியானோ முன் உட்கார்ந்தார். கூடவே ஹாரி எடிசன், ஸ்டஃப் ஸ்மித் போன்ற பழைய கூட்டாளிகள். பாட்டு, வாசிப்பு, மறுபடி பாட்டு. அந்தத் தொகுப்பைக் கேட்ட நாளில்தான் எனக்கு அந்த இடைவெளிகளின் பொருள் விளங்கியது.

கேரன் கார்பென்டரின் கதையில் இடம் மாறியதற்குக் காரணம் இன்னும் எளியது: டிரம்ஸுக்குப் பின்னால் அவர் தெரியவில்லை.

1950-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்த கேரனின் குடும்பம் 1963-இல் கலிஃபோர்னியாவின் டௌனி நகருக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தப்பிக்க அவர் பள்ளியின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் சேர்ந்தார். உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் ஒரு வாத்தியத்தை அவரிடம் கொடுத்தார்கள். அவருடைய கண்ணோ பின்வரிசையில் இருந்த டிரம்ஸ்காரர்கள் மேல். கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணன் ரிச்சர்டின் பியானோ, நண்பர் ஒருவரின் பாஸும் டியூபாவும், கேரனின் டிரம்ஸ் என்று அமைந்த மூவர் குழு 1966 ஜூனில் ஹாலிவுட் பௌல் அரங்கில் நடந்த இசைக்குழுப் போட்டியில் பரிசு வென்றது. அப்போது அவருக்குப் பதினாறு வயது. பாடகியாக அவரை அதிகம் பேர் அறிந்திருக்கவில்லை.

1969-இல் வெளிவந்த அண்ணன் தங்கையின் முதல் தொகுப்பில் டிரம்ஸ் முழுவதும் கேரன்தான். அந்தத் தொகுப்பு சரியாக விற்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த 'க்ளோஸ் டு யூ' பாட்டுக்கு ஸ்டூடியோவில் ஹால் பிளெய்ன் என்ற அனுபவசாலி வாசித்தார். அது முதலிடம் பிடித்தது. அதன் பிறகு பதிவுகளில் பல இடங்களில் பிளெய்ன், மேடையில் மெல்ல மெல்ல வேறு வாசிப்பாளர்கள். உயரம் குறைந்த பெண், பெரிய டிரம்ஸ் கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்து மனத்தை உருக்கும் பாட்டுகளைப் பாடினால், அவையோர் பாடுபவர் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. பத்திரிகைகளும் நிர்வாகமும் அவரை முன்னே கொண்டுவரச் சொன்னார்கள். அவர் மனமில்லாமல்தான் வந்தார். பாடும் டிரம்ஸ்காரி என்றே தன்னைக் கருதியவர், கையில் குச்சி இல்லாமல் வெறுமனே நிற்கவேண்டியதாயிற்று.

பெண் என்பதும் இதில் சேர்ந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஒரு பெண் டிரம்ஸ் வாசித்தால் அதை வேடிக்கையாகப் பார்த்தார்களே தவிர, வித்தையாக எடைபோடவில்லை. 1975-இல் 'பிளேபாய்' இதழின் வாசகர் வாக்கெடுப்பில் சிறந்த ராக் டிரம்ஸ் கலைஞராகக் கேரன் தேர்வானபோது, லெட் செப்பெலின் குழுவின் ஜான் பானமைவிட முன்னால் வந்துவிட்டாரே என்று அதையும் ஒரு வினோதமாகவே பேசினார்கள். இரண்டு பேரையும் ஒப்பிடுவது பொருந்தாது என்று எனக்கும் தோன்றுகிறது. பானமின் அடி இடிபோல் விழும். கேரனின் பலம் வேறு: ஒழுங்கு, லேசான மணிக்கட்டு, பாட்டின் மேல் ஒருபோதும் ஏறி உட்காராத அடக்கம். 1973-இல் வந்த 'நௌ அண்ட் தென்' தொகுப்பில் பெரும்பாலும் அவரே வாசித்திருக்கிறார். அங்கே இதைக் கேட்கலாம்.

வித்தையை வெளிப்படையாகக் காட்டச் சொன்னாலும் அவரால் முடிந்தது. 1976 டிசம்பரில் ஒளிபரப்பான அவர்களுடைய தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சியில், ஒரு டிரம்ஸ் தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடி வாசிக்கிறார் கேரன். சோகப் பாட்டுகளின் கேரனைத் தெரிந்தவர்களுக்கு அந்த முகத்தில் இருக்கும் மகிழ்ச்சி புதிதாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி அவர் பாட்டைக் கேட்டால், சொல்லை அவர் தாளத்தின் மேல் அப்படியே வைக்காமல் ஒரு இழை பின்னால் வைப்பது தெரியும். மெதுவான பாட்டில் அப்படிச் செய்ய, அடி எங்கே விழும் என்பது உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். 1983 பிப்ரவரி 4 அன்று, உணவை வெறுக்கச் செய்யும் நோயால் இதயம் நலிந்து, 32 வயதில் இறந்தார். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை எல்லோர் கண்ணும் படும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது அந்த நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த இடமாற்றத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கோலையும் கேரனையும் வாத்தியத்திலிருந்து எழுப்பினார்கள். பாடகி அரீதா ஃபிராங்க்ளினுக்கு நேர்மாறாக நடந்தது. டெட்ராய்ட்டில் தந்தையின் தேவாலயத்தில் காதால் கேட்டே பியானோ கற்றவர் அவர். 1960 முதல் ஆறு ஆண்டுகள் கொலம்பியா நிறுவனத்தில் பதிவு செய்தார். குரலை மதித்தார்கள், சுற்றிலும் வயலின்களை அடுக்கினார்கள், வெற்றி மட்டும் வரவில்லை. அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர் 1967 ஜனவரியில் அவரை அலபாமாவின் மசல் ஷோல்ஸ் ஊரில் உள்ள சிறிய ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் பியானோ முன் உட்காரவைத்தார். அன்று பியானோ வாசிக்க வேண்டிய ஸ்பூனர் ஓல்ட்ஹாம் அவருக்கு இடம்விட்டு மின்பியானோவுக்கு மாறிக்கொண்டார். 'ஐ நெவர் லவ்ட் எ மேன்' அன்றே பதிவானது. ஒரு சண்டையால் அந்த அமர்வு மறுநாள் தொடரவில்லை. அந்த ஒரு பாட்டே போதுமானதாக இருந்தது. குரல் அதே குரல்தான். இப்போது அதன் கீழே தேவாலயத்தின் பியானோ இருந்தது. எந்த இடத்தில் எழ வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்பதைக் குழு முழுவதும் அவருடைய இரண்டு கைகளிலிருந்தே அறிந்துகொண்டது. 2015 டிசம்பரில் வாஷிங்டனின் கென்னடி மையத்தில் பாடலாசிரியர் கரோல் கிங்குக்கு மரியாதை செய்யும் மேடைக்கு, நீண்ட ரோம அங்கியோடு வந்த 73 வயது அரீதா நேரே போய் உட்கார்ந்தது பியானோ முன்புதான். கரோல் கிங் தலையில் கைவைத்துக்கொண்டு வியந்த காட்சி பரவிய அளவுக்கு, அந்த முதல் சில தொடுப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய மறதி அல்ல என்பதற்கு எம். பாலமுரளிகிருஷ்ணாவை நினைத்துக்கொள்ளலாம். 'தங்கரதம் வந்தது', 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாடல்களைக் கேட்டு உருகும் தமிழர்களில் எத்தனை பேருக்கு அவர் வயலினும் மிருதங்கமும் கஞ்சிராவும் வாசித்தவர் என்பதும், கர்நாடக மேடையில் வயோலாவைத் தனி வாத்தியமாக உட்காரவைத்தவர் என்பதும் தெரியும்? பெரிய வித்வான்களுக்குப் பக்கத்தில் வயலினோடு உட்கார்ந்து வளர்ந்தவருக்கே அந்தச் சுருதிச் சுத்தமும், மூன்று ஸ்தாயிகளிலும் கூசாமல் உலவும் துணிவும் வாய்க்கும் என்று நம்புகிறேன்.

ஜார்ஜ் பென்சன் கதை இரண்டு வரி. டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் தொகுப்பில்கூட வாசித்த கிட்டார்க்காரர் அவர். 1976-இல் வந்த 'பிரீஸின்' தொகுப்பில் ஒரே ஒரு பாட்டைத்தான் பாடினார். ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருதைக் கொண்டுவந்தது அந்த ஒன்று. அதற்குப் பின் உலகத்துக்கு அவர் பாடகர்.

கிளென் கேம்பலிடம் கடைசியாக வருகிறேன். அர்கன்சா மாநிலத்தில் டிலைட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 1936-இல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். நான்கு வயதில் தந்தை அஞ்சல் வழியில் ஐந்து டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். சித்தப்பா சொல்லிக்கொடுத்தார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாமலேயே 1960-இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து, ஸ்டூடியோக்களில் மாறி மாறி வாசித்த அந்தப் பெயரில்லாக் கூட்டத்தில் ஒருவரானார். கேரனுக்குப் பதில் வாசித்த ஹால் பிளெய்னும் அதே கூட்டம்தான். 1963-இல் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பாடல்களில் கேம்பலின் கிட்டார் இருக்கிறது என்பார்கள். எல்விஸின் 'விவா லாஸ் வேகஸ்', சினாட்ராவின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் த நைட்', பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. 1964 கடைசியில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் மனம் நொந்து சுற்றுப்பயணத்தை விட்டபோது, பாஸை எடுத்துக்கொண்டு அவருடைய உச்சஸ்தாயிக் குரலையும் சேர்த்துப் பாடி இடத்தை நிரப்பியவர் கேம்பல். அந்த ஆண்டுகளில் வானொலியைத் திருப்பிய எவரும் அவர் கிட்டாரைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பெயர்தான் தெரியாது.

1967-68-இல் பாடகராகப் புகழ் வந்தது, 1969-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி. நல்ல முகம், தெளிந்த குரல், இனிய பேச்சு. கைகள் மறுபடி பின்னே போயின. அவருடைய 'விச்சிட்டா லைன்மேன்' பாட்டை மட்டும் இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை கேட்க வேண்டும். பாடலாசிரியர் ஜிம்மி வெப் அனுப்பியபோது பாட்டு முடியவில்லை. அவர் இன்னும் ஒரு சரணம் எழுத எண்ணியிருந்தார். கேம்பல் காத்திருக்கவில்லை. சரணம் வரவேண்டிய இடத்தில், உடன் வாசித்த கேரல் கேயின் ஆறு தந்தி பாஸ் கிட்டாரை வாங்கி, பாட்டின் மெட்டையே கீழ்ஸ்தாயியில் மீட்டிவிட்டார். வேகமில்லை, ஜாலமில்லை. வெட்டவெளியில் தந்திக் கம்பத்தின் மேல் தனியாக வேலை செய்யும் ஒருவன் சொல்ல முடியாததை அந்தக் கனத்த தந்திகள் சொல்கின்றன. வெப் தொலைவில் உட்கார்ந்து எழுதாமல் விட்ட சரணம் அது.

2011-இல் தனக்கு அல்சைமர் நோய் இருப்பதை கேம்பல் வெளிப்படையாக அறிவித்துவிட்டு, பிள்ளைகள் மூவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டு விடைபெறும் சுற்றுப்பயணம் கிளம்பினார். 151 கச்சேரிகள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடிவந்த வரிகளைப் படித்துப் பாட அவர் முன்னால் திரை வைக்கவேண்டியிருந்தது. முடித்த பாட்டையே மறுபடி தொடங்கிய இரவுகளும் உண்டு. ஆனால் தனி வாசிப்புக்கான இடம் வந்ததும் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மகள் ஆஷ்லியின் பேஞ்சோவோடு கேள்வி பதிலாக வேகமாக வாசித்தார். விரல்கள் தயங்கவில்லை. கடைசிக் கச்சேரி 2012 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் நாப்பா நகரில் நடந்தது.